பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சு

முந்தாநாள் என் வீட்டுக்காரருக்கு வருஷ திவசம். காக்காய்க்குச் சோறு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் பேரன், ஆறாவது படிக்கிறான், மாலை போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "பாட்டி, தாத்தா எத்தனை பேரைச் சுட்டாரு?"

ஒருத்தரையும் இல்லைடா என்றேன். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், அவனைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "தாத்தா நாய்ப் பிரிவுல இருந்தாருப்பா" என்றார். பையன் களுக்கென்று சிரித்தான்.

அவன் மேல் கோபமில்லை. 1998இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு மிலிட்டரியில் என்ன வேலை என்று தெரிந்துகொண்ட என் சித்தப்பாவும் இப்படித்தான் சிரித்தார். "நாய் மேய்க்கிற உத்தியோகமா?" அடுக்களைக்குள் நின்றிருந்த நானும் சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். அந்த 277 பேரில் யார் சமைத்தார், யார் கோவேறு கழுதை ஓட்டினார் என்றெல்லாம் கல்லில் கிடையாது. பட்டாளம் என்றால் நமக்குத் துப்பாக்கிதான்.

இவர் இருந்தது ஆர்.வி.சி. என்கிற படைப்பிரிவில். குதிரை, கோவேறு கழுதை, நாய் மூன்றையும் பார்த்துக்கொள்கிற பிரிவு. மீரட்டில் அதன் மையம். நாய்களைப் பழக்குகிற பள்ளி அங்கே 1960இலிருந்து நடக்கிறது. 1991இல் சேர்ந்து, 2015இல் ஹவில்தாராக வெளியே வந்தார். 24 வருஷத்தில் அவர் என்னிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேசியதாக நினைவே இல்லை. பேசியதெல்லாம் நாயைக் கட்டிப் பிடிக்கிற கயிற்றைப் பற்றித்தான். கயிறு தளர்ந்தால் என்ன, விறைத்தால் என்ன, ஒரு நொடி நின்று மறுபடி நகர்ந்தால் என்ன என்று கேட்காமலே சொல்வார்.

2003இலிருந்து 2006 வரை காஷ்மீரில் வெடிகுண்டு மோப்பம் பிடிக்கிற லேப்ரடார் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே விடிந்ததும் ராணுவ வண்டிகள் போவதற்கு முன்னால், ரோட்டில் கண்ணிவெடி இருக்கிறதா என்று ஒரு கூட்டம் நடந்து பார்த்துக்கொண்டே போகும். முன்னால் நாய். நாய்க்குப் பின்னால் இவர். மற்றவர்கள் இடைவெளி விட்டு வருவார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து நாயை விட வேண்டும், இல்லாவிட்டால் வாசனை எதிர்ப் பக்கம் போய்விடும். வாசனை பிடித்தால் நாய் குரைக்கக் கூடாது, பிராண்டவும் கூடாது. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அது உட்கார்ந்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். ஆபீசரும்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. நாள் கணக்கில் எதுவுமே கிடைக்காமல் போனால், பயிற்சிக்கு வைத்திருக்கிற வெடிமருந்துப் பொட்டலத்தை இவரே எங்காவது ஒளித்து வைத்து அதைக் கண்டுபிடிக்க விடுவாராம். கண்டுபிடித்ததும் பந்து, கொஞ்சல் எல்லாம். "தேடித் தேடி ஒண்ணும் கிடைக்கலன்னா அதுக்கும் மனசு விட்டுப் போயிடும்" என்பார்.

அதற்குப் பட்டாளம் வைத்த பெயர் இங்கிலீஷில் ஏதோ. இவர் கூப்பிட்டது பாப்பா. எங்கள் மகளுக்கும் வீட்டில் அதே பெயர்தான். 2004இல் ஒருநாள் ராத்திரி எதிர்வீட்டுப் போனுக்குப் பேசினார். லைன் கரகரவென்று இருந்தது. "பாப்பாவுக்கு ரெண்டு நாளா வாந்தி, ஊசி போட்டாச்சு, இப்பத் தூங்குது" என்கிறார். என் மடியில் நாலு வயசு மகள் முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் புரிந்ததும் கத்தினேன். பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்டபோது கூட ஒரு ராத்திரி கண் விழித்திருக்கிறீர்களா என்று. மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்ல, லீவு கிடைக்கல" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

2006இல் மாற்றல் வந்தது. ஆளுக்குத்தான் மாற்றல். நாய் அங்கேயே இன்னொருவர் கைக்குப் போனது. அந்த முறை லீவில் வந்தவர் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு அந்தப் பாப்பாவைப் பற்றி அவர் விசாரித்ததே இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

2015இல் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு செய்தி வந்தது. தகவல் அறியும் சட்டத்தில் யாரோ கேட்டதற்கு ராணுவம் பதில் கொடுத்திருந்தது. வேலைக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட நாய்களை ஊசி போட்டு முடித்துவிடுவது வழக்கம் என்று. நான் பேப்பரோடு ஓடிப்போய், "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"அப்ப பாப்பா என்ன ஆச்சுன்னு நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாங்களே" என்றார்.

அதே வருஷம் ஆகஸ்டில் காஷ்மீரில் தங்தார் பக்கம் ஊடுருவல்காரர்களோடு நடந்த சண்டையில் மான்சி என்ற லேப்ரடாரும், அதைக் கையாண்ட பஷீர் அகமது வாரும் சேர்ந்து செத்துப்போனார்கள். மான்சிக்கு ராணுவ மரியாதைப் பட்டியலில் இடம் கொடுத்தார்கள். சண்டையில் செத்தால் மரியாதை, வயதாகிப் படுத்தால் ஊசி என்ற கணக்கு எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. என் சித்தப்பா மாதிரி ஆட்கள் கேட்பார்கள், கிழட்டு நாய்க்கெல்லாம் சோறு போட ராணுவம் என்ன சத்திரமா என்று. என் வீட்டுக்காரருக்கு 43 வயதில் ஓய்வு கொடுத்து, பென்ஷன் கொடுத்து, கேன்டீன் கார்டும் கொடுத்தது அதே ராணுவம்தான். அதை யாரும் சத்திரம் என்று சொல்லவில்லையே.

எதிர்ப்பு கிளம்பி, நடைமுறை மாறிவிட்டது. மீரட்டில் வயதான நாய்களுக்கு இல்லம் இருக்கிறது, தத்தும் கொடுக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் நான் கேட்பது இன்னும் கொஞ்சம். தத்து கொடுக்கும் முன்னால், அந்த நாயின் கயிற்றைப் பிடித்து நடந்தவர்களை முதலில் கேளுங்கள். அவர் எந்த மூலையில், எந்தக் கிராமத்தில் இருந்தாலும் ஒரு போன் போடுங்கள். ரயில் செலவை நாங்களே போட்டுக்கொண்டிருப்போம். கொடுக்க வழியில்லாமல் அது செத்துப்போனாலும், இன்ன தேதியில் போய்விட்டது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பேத்திக்கு மொட்டை போடுவதற்கே பத்திரிகை அடிக்கிற ஊர் இது, ஒரு சாவுக்குத் தாக்கல் சொல்லக் கூடாதா?

2016 குடியரசு தின அணிவகுப்பில் 26 வருஷத்துக்கு அப்புறம் ராணுவ நாய்கள் நடந்தன. டிவி முன்னால் எழுந்து நின்றே பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்த மூணாவது ஆளு கயிறை ரொம்ப இழுத்துப் பிடிக்கிறான்" என்றார், அவ்வளவுதான்.

போன வருஷம் மாரடைப்பு. காலையில் டீ குடித்தார், பத்து மணிக்கு இல்லை.

திவசம் முடிந்த சாயங்காலம், பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியை மகளும் நானும் திறந்தோம். டிஸ்சார்ஜ் புக், மெடல்கள், ஒரு கம்பளிக் குல்லா. அடியில், பழைய இந்திப் பேப்பரில் சுற்றி, முடி சீவுகிற பிரஷ் ஒன்று. பல்லுக்குள் வைக்கோல் நிறத்தில் மயிர் சிக்கியிருந்தது.

மகள் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "சின்னப் பாப்பாவுதாம்மா?" என்றாள்.

என் தங்கை டெட்டால் போட்டுக் கழுவித் தருகிறேன் என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்று வாங்கி, அதே பேப்பரில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன்.