ஓடைக்குக் குறுக்கே மூன்று கம்பி

ஒருமுறை ஓடை ஒன்றில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு தாண்டியதும் குறுக்கே முள்கம்பி, கரைக்குக் கரை மூன்று வரிசை. கீழ்க்கம்பி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெள்ளம் அடித்து வந்த சருகும் ஒரு கிழிந்த சாக்கும் ஒற்றைச் செருப்பும் அதில் சிக்கிக் கிடந்தன. கரையில் நாலைந்து மாடுகள், பக்கத்தில் ஒருவர். "இது எங்க இடம், திரும்பிப் போங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை, வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"தண்ணி உங்களுதா?" என்று கேட்டேன்.

"தண்ணி இல்ல. அதுக்குக் கீழ இருக்கிற மண்ணு எங்களுது."

எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது, நாடு நாடாக வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருப்பதை அந்த மனிதர் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறார் என்று.

ஓடும் தண்ணீர் பொது என்பது பழைய சங்கதி. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னர் தொகுக்கச் செய்த ரோமானியச் சட்ட நூலிலேயே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் பொது என்று இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வருவது: ஆற்றங்கரை பக்கத்து நிலத்துக்காரருக்கே சொந்தம், ஆனால் படகைக் கரை சேர்க்கவும், கரையில் நிற்கும் மரத்தில் கயிறு கட்டவும், சரக்கு இறக்கவும் யாருக்கும் உரிமை உண்டு. மரம் உன்னுடையது, அதில் கட்டிய கயிறு என்னுடையது. இரண்டு பேருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இந்தத் தெளிவை விட்டுவிட்டு ஆற்றின் அடிமண்ணைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைப் பார்க்கலாம். தனியார் நிலத்தின் ஊடாக ஓடும் ஆற்றில் மிதவையில் போனவர்கள் மீது அத்துமீறல் வழக்கு. பாறையில் மோதாமல் இருக்க அவ்வப்போது காலை அடியில் ஊன்றியிருக்கிறார்கள். 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள்தான் என்றது. அதன்பின் 1983இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஒரு விளக்கம் தந்தார்: அடியையோ கரையையோ தொடாமல் மிதந்து போனால் குற்றமில்லை! கோடையில் தண்ணீர் ஒரு சாண் இறங்குகிறது, படகின் வயிறு கூழாங்கல்லில் 'கரக்' என்று உரசுகிறது. அந்தச் சத்தம் கேட்ட நொடியில் நீங்கள் குற்றவாளியா இல்லையா? சிரிக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

அதே நாட்டில் மொன்டானா மாநிலம் வேறு வழியில் போனது. அடிமண் யாருடையது என்பது பொருட்டே இல்லை, தண்ணீரில் மக்கள் பொழுதுபோக்க முடியுமா என்பதே கேள்வி என்று 1984இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே சட்டம் வந்தது. வழக்கமாக வெள்ளம் ஏறும் கோடு வரை யாரும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம், மிதக்கலாம். குறுக்கே வேலி இருந்தால் கரையேறிச் சுற்றிப் போய் மறுபடி இறங்கலாம். நியூ மெக்ஸிகோ மாநில உச்ச நீதிமன்றமும் 2022இல் தனியார் படுகையில் கால் வைத்து நடந்து மீன் பிடிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்றது. என் கட்சி இதுதான். வெள்ளக் கோடு என்பது யாரும் வரைந்த கோடல்ல. ஆறு தானே கரையில் போட்டுவிட்டுப் போகும் அடையாளம்.

இங்கிலாந்துக் கதை இன்னும் வேடிக்கை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேய்ச்சல்வெளி எல்லாம் காலாற நடக்க உரிமை தந்தது. ஆனால் அதே சட்டத்தின் பின்னிணைப்பு, அந்த உரிமையை வைத்துக்கொண்டு கடல் ஏற்றம் எட்டாத நீரில் குளிக்கவோ படகு விடவோ கூடாது என்கிறது. ஏரிக்கரை வரை வரலாம், வேர்வையோடு நிற்கலாம். பக்கத்து ஸ்காட்லாந்தில் 2003 சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளையும் சேர்த்தே திறந்துவிட்டது. மோட்டார் படகு கிடையாது, வீட்டை ஒட்டிய இடத்தில் நுழையக் கூடாது, பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். முக்கியமான நிபந்தனைகள் இவைதான்.

நிலத்துக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பாட்டில் உடைத்துப் போடுகிறார்கள், கதவைத் திறந்துபோட்டு மாட்டை வெளியே விடுகிறார்கள். யாராவது வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு யார் தலையில் விழும் என்ற பயம் வேறு. இந்தப் பயத்தைத் தீர்க்காமல் உரிமை பேசுவது அரைவேலை. மொன்டானா சட்டம் நிலத்துக்காரரின் பொறுப்பையும் சேர்த்தே குறைத்து வைத்திருக்கிறது. குப்பைக்கு அபராதம் போடுங்கள், நானே ஆதரிப்பேன். ஆனால் குப்பை போட்டவனுக்காக ஆற்றையே பூட்டுவது எந்த ஊர் நியாயம்?

தண்ணீருக்குள் வந்தவனுக்கு உரிமை உண்டு, சரி. தண்ணீருக்கு எப்படி வருவது? மொன்டானா, நியூ மெக்ஸிகோ இரண்டிலுமே அடுத்தவர் நிலத்தைத் தாண்டி ஆற்றுக்குப் போகும் உரிமை கிடையாது. இரு கரையும் பட்டா நிலமானால் ஆறு காகிதத்தில்தான் பொது. அதனால்தான் பாலம் முக்கியம். சாலை பொது, பாலம் பொது, கீழே ஓடுவதும் பொது. ஆனால் பாலத்துத் தூணிலிருந்து வேலியை இழுத்துக் கட்டிவிட்டால் கதை முடிந்தது. 2009இல் மொன்டானா இதற்கும் சட்டம் போட்டது: மாட்டுக்காகப் பாலத்தோடு வேலியைச் சேர்க்கலாம், ஆனால் ஆள் போய்வர வழி விட வேண்டும். ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே: அங்கே கரையிலிருந்து பொதுவாக 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டடம் எழுப்பவே தடை.

நம் உச்ச நீதிமன்றமும் 1996 டிசம்பரில், பியாஸ் ஆற்றின் போக்கையே ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், இப்படிப்பட்ட வளங்களுக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்று சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புதான். ஆனால் காப்பாற்றுவது வேறு, கிட்டப் போக வழி விடுவது வேறு.

அந்த மாட்டுக்காரரை இப்போதும் நினைத்துக்கொள்வேன். அவர் வேலி போட்டது எனக்காக இல்லை, மாட்டுக்காகத்தான். கரையோரமாக ஆள் மட்டும் ஒருக்களித்து நுழைகிற ஒரு சந்து விட்டிருந்தால் நான் அந்தப் பக்கம் போயிருப்பேன், அவர் மாடு இந்தப் பக்கம் வந்திருக்காது.