கேள்வி நேரத்தையாவது விடுங்கள்

கூட்டத்தொடர் வந்தாலே வயிறு எரிகிறது. காலை 11 மணிக்கு மக்களவையில் கேள்வி நேரம். ஒரு பக்கம் பதாகையோடு அவையின் நடுவே இறங்குகிறார்கள், மறுபக்கம் பதிலுக்குக் கத்துகிறார்கள், சபாநாயகர் "உட்காருங்கள், உட்காருங்கள்" என்கிறார், அப்புறம் 12 மணி வரை ஒத்திவைப்பு.

ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதாவது அமைச்சர் அவையிலேயே வாய்திறந்து பதில் சொல்ல வேண்டியவை. பல நாள் முன்பே எழுதிக் கொடுத்து, குலுக்கலில் தேறினால்தான் பட்டியலில் ஏறும். அவை முடங்கினால் எழுத்துபூர்வ பதிலோடு சரி. அதில் என்ன இருக்கும்? "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." அதை மடக்கிக் கேட்கும் துணைக் கேள்விதான் அமைச்சருக்கு வேர்க்க வைக்கும். அதுதான் போகிறது.

2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் அறிக்கை தர வேண்டும் என்று அமளி. இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் இடைநீக்கம். அவர்களில் பெரும்பாலோர் வெளியே இருந்தபோதே இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான மசோதா நிறைவேறியது. இத்தனை பெரிய சட்டம்! ஆளுங்கட்சிக்கு அதில் என்ன அவசரம்?

சண்டையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிற்பகலில் போடுங்கள், விடிய விடியப் போடுங்கள். எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம் ஏன் பாதியில் நிற்கிறது என்று அமைச்சரை யாராவது நேருக்கு நேர் கேட்க வேண்டும்.