பாசி ஏரிக்கு எந்த லூர் (செயற்கை இரை)?

பாசி மண்டிய ஏரியில் எந்த லூர் போடலாம் என்ற கேள்விக்கு மேலே ஒரு நண்பர், "பெரிய மீன் வேண்டுமென்றால் மூன்று முள் தொங்கும் கிராங்க்பெய்ட்தான், ரப்பர் தவளை எல்லாம் பொம்மை" என்று எழுதியிருக்கிறார். கிராங்க்பெய்ட் என்பது இழுக்கும்போது தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மீன் வடிவ லூர். திறந்த தண்ணீரில் அது சரி. பெங்களூரு ஏரிகளில், ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிக் கிடக்கும் இடத்தில் அதை வீசினால் ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி கீரைதான் வரும். நானே அப்படி இரண்டு லூரைத் தொலைத்தவன்.

அவர் பார்த்த வீடியோ அமெரிக்க பாஸ் மீனுக்கானது போல. அங்கேகூட அடர்ந்த பாசிக்கு உள்ளீடற்ற தவளை லூரைத்தான் எடுப்பார்கள். அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளியே வரும். நம் ஏரியில் அந்த இடத்தில் இருப்பது விரால். காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன் அது, மேல்மட்ட லூருக்கு அதைவிட என்ன வேண்டும்?

நைலான் நரம்பு வேண்டாம், 40–50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) போடுங்கள். மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் பதறி இழுக்காமல், கனம் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். அப்புறம், விராலின் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீச வேண்டாம். தாய் தகப்பன் இரண்டும் காவலுக்கு நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான். பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கிறது, கேட்டுவிட்டு இறங்குங்கள்.