ரெண்டு கிழமையில் சாகிற மீன் எது?

"குட்டி மீன்தானே, ரெண்டு கிழமை இருந்தாலே பெரிய விஷயம். செத்தா வேற ஒண்டு வாங்குங்கோ." வெள்ளவத்தைப் பக்கம் மீன் விற்கிறவரே காசை எண்ணிக்கொண்டு இதைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது!

குட்டி மீனுக்கு ஆயுள் ரெண்டு கிழமை என்று யார் சொன்னது? ஒழுங்கான தண்ணீரில் கப்பி இரண்டு வருடமாவது இருக்கும். ஃபைட்டர் மூன்று வருடம். நியான் டெட்ரா ஐந்து வருடம்கூட இருக்கும். கோல்ட்ஃபிஷ் பத்து வருடத்தைத் தாண்டும். இங்கிலாந்தில் டிஷ் என்ற ஒன்று 43 வயது வரை இருந்து 1999இல்தான் செத்தது. அதே இனத்தை இங்கே சம்பல் கிண்ணம் மாதிரி ஒன்றில் போட்டு, பிறந்தநாள் பரிசு என்று பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். கிண்ணம், கலர் கல், மீன் மூன்றும் ஒரே நாளில்.

அங்கேதான் எனக்குக் கோபம். மீன் வெளிவிடுகிற அமோனியா அதற்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் பிடித்து வளர வேண்டும். அதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட எடுக்கும். நேற்று வாங்கிய கிண்ணத்தில் ஏது அது? அமோனியா ஏறி, செவுள் எரிந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. "பசிக்குது போல" என்று இன்னும் இரண்டு சிட்டிகை சாப்பாடு. அது அழுகி இன்னும் அமோனியா. கொழும்பு வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஒட்சிசன் குறையும், அமோனியாவின் நஞ்சும் கூடும். கோல்ட்ஃபிஷோ குளிர்ந்த தண்ணீர் மீன்!

அப்புறம் கடையில் போய்க் கேட்டால் அறிவுரை வரும். "தண்ணிய முழுசா மாத்துங்கோ, பஞ்சைப் பைப்பில பிடிச்சு நல்லாக் கழுவுங்கோ." குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. பிடித்திருந்த கொஞ்ச பாக்டீரியாவும் அதில் போச்சு. கிழமைக்கு ஒருமுறை கால்வாசி மாற்றினால் போதும், அதையும் குளோரின் நீக்கி விட்டுத்தான் ஊற்ற வேண்டும், பஞ்சைத் தொட்டியில் அள்ளிய தண்ணீரிலேயே அலசலாம் என்று ஒருத்தருக்கும் வாய் வராது. எல்லா வருத்தத்துக்கும் ஒரே நீல மருந்து வேறு. அதுவும் பாக்டீரியாவைக் கெடுக்கும்.

இத்தனைக்கும் இது அலங்கார மீன் ஏற்றுமதி செய்கிற நாடு. நம் ஈரவலய ஓடைகளுக்கே உரிய செரி பார்ப், சிங்களத்தில் லே தித்தயா என்பார்களே, அது வெளிநாட்டுத் தொட்டிகளில் வருடக்கணக்காக ஓடித் திரிகிறது. ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் ரெண்டு கிழமை!

அமோனியா சோதிக்கிற கிட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தேவையில்ல" என்று சிரிப்பார்கள். மீன் இல்லாமல், அந்தப் பாக்டீரியா வளர்வதற்காகத் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு ஒரு மாதம் தொட்டியை ஓடவிடுங்கள் என்று எப்படிச் சொல்வார்கள்? அந்த ஒரு மாதத்தில் அவர்கள் இரண்டு மீன் விற்றுவிடலாமே.