பனிமலையில் ஒரு சோற்றைப் பதம் பார்க்க முடியாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நெடுநாள் நம்பியவன் நான். பனிமலையில் ஸ்கீ சறுக்கப் போக ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

போன பருவத்தில் நான்கு பேராகப் போனோம். கயிறோ காவலோ வழிக்குறியோ இல்லாத மலை. பெரிய சாய்வில் இறங்கும் முன், பனி சரிந்து விழுமா என்று சோதிக்க ஓரமாக ஒரு குழி தோண்டினோம். 30 செ.மீ.க்கு 30 செ.மீ. என்று ஒரு பனித்தூணை வெட்டி, அதன் மேல் ஷவலை (பனி வாரும் மண்வாரியை) வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. உள்ளே பலவீனமான அடுக்கு இருந்தால் தூண் அங்கே உடையும். முப்பதும் முடிந்தது, தூண் உடையவில்லை. "சரி, போகலாம்" என்றார் ஒருவர். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

ஐம்பதடி கூட நடந்திருக்க மாட்டோம். காலடியில் "வும்ம்" என்று அடக்கமான ஒரு சத்தம். நின்ற இடம் லேசாக இறங்கியது. உள்ளே பலவீனமான அடுக்கு ஒன்று நொறுங்குகிற சத்தம் அது. நாங்கள் நின்றது கிட்டத்தட்ட சமதளம், அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேசாமல் திரும்பிவிட்டோம்.

குழி பொய் சொல்லவில்லை. பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை, அதுதான் சிக்கல். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. அடியில் இருக்கும் தரை 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே காற்று மைனஸ் 20 ஆக இருக்கலாம். பனி ஆழமாக இருந்தால் இந்த வித்தியாசம் பரவிப்போகும். மெல்லிசாக இருந்தால், 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அப்போது நீராவி அடியிலிருந்து மேலேறி, பனிமணிகளைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் சீனி போல உதிரும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் கெட்டியான பாளம் ஒன்று உட்கார்ந்தால் போதும், பொறி தயார். பாறையைச் சுற்றிப் பனி குறைந்த இடத்தில் இந்தச் சீனி இருக்கும். இருபது தப்படி தள்ளி, ஆழமான இடத்தில் இருக்காது. நாங்கள் தோண்டியது ஆழமான இடம்.

காற்று வேறு. ஒரு பக்கம் வாரிக்கொண்டு போய், தனக்கு முதுகு காட்டும் மறுபக்கத்தில் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில் கூட அது பனியைக் குவிக்கும்.

குழியே தோண்டக் கூடாதா என்று கேட்பீர்கள். தோண்டுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். 90 செ.மீ. அகலத் தூண் வெட்டினால் இன்னும் நல்லது, விரிசல் பக்கவாட்டில் ஓடுகிறதா என்று தெரியும். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை மட்டும் குழிக்குக் கொடுங்கள், "போ" என்று சொல்லும் உரிமை அதற்கு வேண்டாம். அந்த வும்ம் சத்தம், ஸ்கீ முனையிலிருந்து கிளம்பி ஓடும் விரிசல், அதே திசை பார்த்த பக்கத்துச் சாய்வில் புதிதாக விழுந்து கிடக்கும் பனிச்சரிவு: இதில் ஒன்றைக் கண்டாலும் போதும், குழியின் நற்சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

நான் இப்போது பனியைவிடக் கோணத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். பாளமாகச் சரியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில்தான் கிளம்புகின்றன. கோணம் பானைச் சோறு மாதிரி இல்லை, கைபேசியை வைத்தே அளந்துவிடலாம். 30-க்குக் கீழே, தலைக்கு மேல் செங்குத்து எதுவும் தொங்காத இடமாகப் பார்த்துப் போனால், பனியின் மனசை அவ்வளவு துல்லியமாகப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைக்கு மேல் என்பது முக்கியம். கீழே சமதளத்தில் நடப்பவர் மேலே உள்ள சாய்வைச் சரியவைத்துவிட முடியும்.

பனிச்சரிவு அபாய எச்சரிக்கையில் 5 நிலைகள். 3 என்று போட்டிருந்தால் பலர் "நடுத்தரம்தானே" என்று கிளம்பிவிடுகிறார்கள். சாவுகளில் பெரும்பங்கு அந்த 3-ல்தான் நடக்கிறது. 5 என்றால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உயிர் போன விபத்துகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவரோ உடன் வந்தவரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவு. மலையைக் குறை சொல்ல வழியில்லை.

இயன் மெக்கேமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். பழகிய இடம், கூட்டத்தில் விவரமானவர் என்று பெயரெடுத்த ஒருவர், எடுத்த காரியத்தை முடிக்கும் பிடிவாதம் என்று சில பொறிகளை அவர் பட்டியலிட்டார். படித்தவர்களும் பயிற்சி பெற்றவர்களும் அவற்றில் விழுந்திருந்தார்கள். என் அனுபவத்தில் குழியும் ஒரு பொறிதான். அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தோண்டியவனுக்கு அதற்குக் கூலி வேண்டியிருக்கிறது.

டிரான்ஸீவர் (புதைந்தவரைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவி), புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் இல்லாமல் வருபவரோடு நான் போவதில்லை. ஆனால் அவற்றை நம்பியும் போவதில்லை. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் பிழைப்பவர் சொற்பம். மரத்திலும் பாறையிலும் அடிபட்டுப் போகிறவர்களுக்கு அந்த நிமிடக் கணக்கும் கிடையாது.

அன்றைக்குக் குழிக்குப் பிறகு "போகலாம்" என்ற நண்பருக்கு இன்னும் வருத்தம், நல்ல பனியை விட்டுவிட்டு வந்தோமாம். அடுத்த முறை அவர் ஷவலைக் கையில் எடுக்கும்போதே, வேண்டாம் என்று வந்தால் எந்த வழியாக இறங்குவது என்று கேட்டு வைத்துவிடப் போகிறேன். தோண்டுவதெல்லாம் அப்புறம்.