ராக் இசை மலைமேல் இருப்பவர்களின் தனிச்சொத்து இல்லை

சேலத்தில் ஒருவர் ராக் கேட்கிறேன் என்று சொன்னால் இன்றைக்கும் வரும் முதல் கேள்வி, "ஏற்காட்டுல படிச்சீங்களா?" என்பதுதான். மலைமேல் விடுதிப் பள்ளிகள், அங்கே இங்கிலீஷில் பேசும் பிள்ளைகள், அவர்கள் கையில் கிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே, சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில் இருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று ஒரு எண்ணம். நான் அம்மாப்பேட்டைக்காரன், தறிப்பட்டறைக் குடும்பம். கல்லூரிக் காலத்தில் ப்ரவுசிங் சென்டரில் சிடி எழுதி வாங்கிக் கேட்க ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. அந்த எண்ணம் அடியோடு தப்பு என்று உரக்கச் சொல்லத்தான் இந்தப் பதிவு. 1990-களில் இருந்து வந்த நல்ல ராக், ஆல்டர்நேடிவ் ஆல்பங்கள் பலவும் நம்ம ஊர் மாதிரி ஊர்களில் பிறந்தவை. ஆலை ஓடினால் சோறு, ஆலை நின்றால் தெருவே படுத்துவிடும், அந்த மாதிரி ஊர்கள்.

அமெரிக்க ராக் குழு நிர்வாணாவை எடுத்துக்கொள்வோம். அவர்களின் டீஷர்ட் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. குழுவின் பாடகர் குர்ட் கோபேன் பிறந்த அபர்டீன், வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்த ஊர். மரத்தொழில் நொடித்தபோது ஊரும் நொடித்தது. கோபேன் தான் படித்த பள்ளியிலேயே துப்புரவு வேலை செய்திருக்கிறார். 1991 செப்டம்பரில் வந்த 'நெவர்மைண்ட்', 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. ஆனால் எனக்குப் பிடித்தது அடுத்து 1993-இல் வந்த 'இன் யூட்டரோ'. அதைப் பதிவு செய்த ஸ்டீவ் ஆல்பினி, விற்பனையில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று வேலை தொடங்கும் முன்பே கடிதம் எழுதினார். பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள், அது போதும் என்றார். கோடிக்கணக்கில் விற்கப்போகும் ஆல்பம் என்று தெரிந்தே எழுதியது. 2024-இல் இறக்கும் வரை அந்தக் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். மெருகு கிடையாது. அடிப்பவர் நம் அறைக்குள் உட்கார்ந்து அடிப்பதுபோல் இருக்கும்.

அடுத்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஹாரி பிரியர்லி 1913-இல் உருவாக்கியது அந்த ஊரில்தான். நம் சேலம் உருக்காலை செய்வதும் அதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்த ஆலையைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று போராடிய தொழிலாளர் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ. ஷெஃபீல்டிலும் எண்பதுகளில் ஆலை ஆலையாக மூடினார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஊர்க்காரர்தான் ஜார்விஸ் காக்கர். பள்ளியில் படிக்கும்போதே 1978-இல் 'பல்ப்' குழுவைத் தொடங்கியவர். ஊர் அறிய வைத்த 'டிஃபரன்ட் கிளாஸ்' வந்தது 1995-இல். அத்தனை வருடம் காத்திருந்தார். அதில் 'காமன் பீப்பிள்' என்றொரு பாட்டு. பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி சாதாரண ஜனங்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசைப்படுகிறாள். உன்னால் ஆகாதம்மா, அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் உன் கஷ்டம் தீர்ந்துவிடும், எங்களுக்கு அந்தப் போன் இல்லை என்கிறான் இவன். பாட்டு மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் அவனுடைய குரலே கிழிகிறது. வறுமையை அழகு என்று சொல்லிப் படம் பிடிக்க வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும்.

அதே ஊரிலிருந்து 2006-இல் ஆர்க்டிக் மங்கீஸ் வந்தார்கள். எல்லோரும் இருபது வயதைச் சுற்றிய பையன்கள். முதல் ஆல்பம் இங்கிலாந்தில் முதல் வாரத்திலேயே 3 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. பாட்டில் என்ன இருக்கிறது? ராத்திரி டாக்சிக்கு நிற்பது, கிளப் வாசலில் அடியாள் மறிப்பது, போலீஸ் வேனைச் சீண்டுவது. அதையும் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடினார்கள். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் சரியாகப் புரியாதே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஷெஃபீல்டு பேச்சு லண்டன்காரருக்கே சில இடங்களில் பிடிபடாது. பாட்டு வரியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தெலுங்கு கீர்த்தனையை அர்த்தம் தெரியாமலே தலையாட்டிக் கேட்கிறவர்கள் நாம்.

இனி என் மனதுக்கு மிக நெருக்கமான குழு. வேல்ஸ் நாட்டின் பிளாக்வுட், நிலக்கரிச் சுரங்கப் பகுதி. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றதைப் பார்த்து வளர்ந்த நான்கு பையன்கள்தான் மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ். அவர்களில் பாட்டெழுதும் ரிச்சி எட்வர்ட்ஸ் 1995 பிப்ரவரி 1 அன்று காணாமல் போனார். கார் மட்டும் செவர்ன் பாலத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. மற்ற மூவரும் இசையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டு, 1996-இல் 'எவ்ரிதிங் மஸ்ட் கோ' ஆல்பத்தோடு வந்தார்கள். ரிச்சி எழுதி வைத்துவிட்டுப் போன வரிகளும் அதில் உண்டு. அவருடைய பங்குப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டும் வைத்தார்கள்.

அந்த ஆல்பத்தின் 'எ டிசைன் ஃபார் லைஃப்' நூலகத்தில் தொடங்குகிறது. எங்களுக்கு வலிமை தந்தது நூலகம் என்பதுதான் முதல் வரியின் சாரம். நியூபோர்ட்டில் ஒரு நூலகத்தின் முகப்பில் பொறித்திருந்த, அறிவே ஆற்றல் என்ற வாசகத்திலிருந்து வந்த வரி அது. தொழிலாளி என்றால் குடிப்பான், அடிப்பான் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, நாங்கள் படித்தவர்கள், எங்கள் அப்பன்மார் கூலிப் பணத்தில் நூலகம் கட்டியவர்கள் என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்கிறது. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம், 1948-இல். கிளை நூலகத்தில் மத்தியான வேளையில் தினத்தாள் படித்துக்கொண்டிருக்கும் லுங்கி கட்டிய தறிக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவருக்கான பாட்டு இது. வயலின்களும் செலோவும் மேலே எழும்ப, குழுவின் பாடகர் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்டு தொண்டை நரம்பு புடைக்கப் பாடும்போது எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும்.

1998-இல் அவர்களின் அடுத்த ஆல்பம், 'திஸ் இஸ் மை ட்ரூத் டெல் மீ யுவர்ஸ்'. தலைப்பு, அனூரின் பெவன் சொன்னதாக வழங்கும் வாசகம். சுரங்கத் தொழிலாளியாக இருந்து சுகாதார அமைச்சராகி, 1948-இல் பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்த அதே பெவன். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்ட் தளபதி பிராங்கோவை எதிர்க்க வேல்ஸிலிருந்து போன தொண்டர்களைப் பற்றிய ஒரு பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கிறது. முயலைச் சுடத் தெரிந்த எனக்குப் பாசிஸ்டுகளைச் சுடத் தெரியாதா என்று ஒரு தொண்டர் சொன்னது பாட்டில் வருகிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய போர், தோற்றுப்போன பக்கம், அதைப் பற்றிய பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

பாட்டாக வேண்டிய கதை நம்மிடமும் உண்டு. நம் சேலம் மத்திய சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். மலபார் விவசாயப் போராட்டங்களிலிருந்து வந்தவர்கள் பலர். வருடா வருடம் அஞ்சலிக் கூட்டம் நடக்கிறது, பேசுகிறார்கள். கிட்டார் வாசிக்கும் நம் ஊர்ப் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வேறொன்றும் இருக்கிறது, தறிச் சத்தம். பட்டறையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்தில் ஓடும் விசைத்தறிகள் ஒரே தாளத்தில் ஓடாது. ஒன்று ஒரு மயிரிழை முந்தும், இன்னொன்று பிந்தும். சில நொடி எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து அடிக்கும், மறுபடி விலகிப்போகும். தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்து ஒரு தறி நின்றால், திண்ணையில் இருக்கும் என் அப்பா எழுந்திருக்காமலே அது எந்தத் தறி என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு வீட்டில் இருந்து வந்தவனுக்கு நைன் இன்ச் நெயில்ஸின் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' (1994) அந்நியமாகவே படவில்லை. அந்தக் குழுவை நடத்தும் டிரென்ட் ரெஸ்னர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர்க்காரர். கிளீவ்லாண்டில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டே, கூடம் சும்மா கிடக்கும் ராத்திரிகளில் தன் முதல் ஆல்பத்துக்கான பாட்டுகளைச் செய்தவர். இந்த ஆல்பத்தில் இயந்திரம் மேல் இயந்திரமாகச் சத்தத்தை அடுக்குகிறார். நடுவில் 'எ வார்ம் பிளேஸ்' என்று பாட்டு வரியே இல்லாத ஒரு துண்டு வரும். கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் காதுக்குள் ஒரு அமைதி இறங்குமே, அதுதான் அது.

இங்கிலாந்துக் குழு ரேடியோஹெட்டை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 'ஓகே கம்ப்யூட்டர்' (1997), 'கிட் ஏ' (2000) இரண்டையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளியில் சந்தித்துக்கொண்ட பையன்கள், எனவே நான் சொல்லும் வரிசையில் வரமாட்டார்கள். நம் ஊரில் ராக் என்றால் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று மிரட்டி வைத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. என் வரிசையில் வருகிறவர் இங்கிலாந்துப் பாடகி பி.ஜே. ஹார்வி, டோர்செட் கிராமத்தில் கல்குவாரித் தொழில் செய்த வீட்டுப் பெண். முதல் உலகப் போரின் சாவுகளைப் பாடும் 'லெட் இங்கிலாந்து ஷேக்' (2011) ஆல்பத்தை ஒரு தேவாலயத்தில் வைத்துப் பதிவு செய்தார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சரி, தமிழில் ஆகுமா என்றால், ஆகியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழியில் பெயர் வைத்துக்கொண்டு, கானாவையும் பறையையும் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் மலையாளப் பேசும்படத்தை 1938-இல் எடுத்துக் கொடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அந்த ஊரிலிருந்து ஒரு ஆல்பம் வரக் கூடாதா?

நான் வாத்தியம் வாசிக்கிறவன் இல்லை. ஆனால் எங்கள் பட்டறைத் தறிகளை ஒவ்வொன்றாகவும், எல்லாம் சேர்ந்து ஓடும்போதும், கரண்ட் போகும் நொடியிலும் பதிவு செய்து வைத்திருக்கிறேன். தறியின் நாடா (ஊடை நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகும் கட்டை) அடிக்கும் சத்தம் மட்டும் தனியாகவும் இருக்கிறது. சேலத்திலோ ஏற்காட்டிலோ இசை செய்யும் பிள்ளைகள் யாருக்கு வேண்டுமானாலும் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன். காசு வேண்டாம், பாட்டு முடிந்ததும் எனக்கு முதலில் அனுப்புங்கள்.