ரஷ்யாவுக்கு லோன் சாங்ஷன்

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் பதிவைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். லிங்க் போடமாட்டேன், பேரும் சொல்லமாட்டேன். வக்கீல் வாட்ஸப் குழுக்களில் சுற்றோ சுற்று என்று சுற்றியது, பார்த்திருப்பீர்கள். மகனுக்குக் கிளாட் என்கிற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க், பதிவு போட்ட தகப்பனாருக்குப் பெருமை. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். நானும் வாழ்த்துச் சொன்னேன், முதல் பத்து கமெண்ட்டில் என்னுடையதும் கிடக்கிறது. கடைசிப் பத்திதான் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் படித்தால் போதுமாம். இதெல்லாம் ஒரு பரீட்சையே இல்லையாம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முனைப்பு இல்லையாம்.

முனைப்பு இல்லை.

சார், அது மூன்று மாதம் இல்லை, பதினேழு வருஷம். உங்கள் வீட்டில் பேச்சு மொழியே பாதி இங்கிலீஷ். பையன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் அலமாரி நிறையக் கதைப் புத்தகம். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைய தலையங்கத்தைப் பற்றிப் பேச்சு. இதெல்லாம் நீங்களே வேறு வேறு பதிவுகளில் பெருமையாக எழுதியவைதான், நான் ஒன்றும் துப்பறியவில்லை. அந்தப் பதினேழு வருஷத்தைக் கணக்கில் சேர்க்காமல் கடைசி மூன்று மாதத்துக்கு மட்டும் பில் போட்டால் எப்படி?

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து நம் திருச்சி வரை தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர எழுதுவது இது. 120 நிமிஷம், 120 கேள்வி. தப்பாக எழுதினால் கால் மார்க் போய்விடும். கேள்வி நேராக வராது. ஒவ்வொன்றும் 450 சொல் வரைக்கும் நீளும் பத்திகள், அதன் கீழே கேள்விகள். சட்டப் பகுதியும் பத்திதான், பொது அறிவும் பத்திதான். பழைய வினாத்தாளை எடுத்து வைத்துப் பத்தி, கேள்வி, விடைத் தெரிவு எல்லாவற்றையும் தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன், பத்தாயிரம் சொல்லைத் தாண்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் அத்தனையும் படித்து, புரிந்து, வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இதற்குச் சட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, விதியை அவர்களே பத்தியில் கொடுத்துவிடுவார்கள். அந்த விதி எழுதப்பட்டிருக்கும் இங்கிலீஷை ஓட்டமாகப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த ஓட்டம் மூன்று மாதத்தில் வராது. பதினேழு வருஷத்தில் வருவது.

2019 வரைக்கும் இப்படி இல்லை. 200 கேள்வி, அதில் பொது அறிவு மட்டும் 50, ஒற்றை வரிக் கேள்விகள். லத்தீன் சட்டச் சொற்களை உருப்போட்டுக்கொண்டு போய்க் கொஞ்சம் மார்க் தேற்றலாம். மனப்பாடம் நல்ல முறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து உருப்போடுகிற பிள்ளைக்கு அதில் ஒரு சந்து இருந்தது. 2020-ல் பத்தி முறை வந்ததும் அந்தச் சந்தும் அடைபட்டுவிட்டது.

என் அண்ணன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவள் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பத்தாவதில் கணக்கில் 97. என்னுடைய கேஸ் கட்டுகளைப் புரட்டிப் புரட்டியே வக்கீல் ஆசை பிடித்துக்கொண்டது. பிளஸ் ஒன் முடிந்த லீவிலிருந்து என் வீட்டில்தான் படித்தாள். எங்கள் தெருவுக்கு வருவது ஒரே ஒரு இங்கிலீஷ் பேப்பர், அது எனக்கு வருவது. காலையில் எனக்கு முன்னால் அவள் எடுத்துவிடுவாள். திரும்பி என் கைக்கு வரும்போது பென்சில் கோடு இல்லாத பத்தி இருக்காது.

ஒருநாள் மாதிரித் தேர்வு. அடுப்படி மேடையில் போனை டைமர் வைத்துவிட்டு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். உக்ரைன் போருக்காக ரஷ்யா மேல் மேற்கு நாடுகள் போட்ட பொருளாதாரத் தடை பற்றிப் பத்தி. தடை என்பதற்கு அதில் இருந்த சொல் சாங்ஷன். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அத்தை, சண்டை போடுத நாட்டுக்கு எதுக்கு அத்தை இவங்க சாங்ஷன் பண்ணுதாங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அதற்கு முந்தின வருஷம் ஆட்டோவுக்கு லோன் கேட்டு அண்ணன் ஒன்றரை மாதம் அலைந்தான். "சாங்ஷன் ஆயிட்டா, சாங்ஷன் ஆயிட்டா" என்பதுதான் அந்த வீட்டில் காலையிலும் ராத்திரியிலும் பேச்சு. ஆன அன்றைக்குத் தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு சாங்ஷன் என்றால் பணம் வருவது. ரஷ்யாவுக்கு லோன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டு ஐந்து கேள்விக்கும் விடை எழுதினாள். ஐந்தும் போச்சு, கூடவே ஒன்றேகால் மார்க்கும் போச்சு. டைமரை நிறுத்தாமல் அந்தப் பத்தியிலேயே ஏழு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது, நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்ன அர்த்தம் தப்பில்லையே. ஊழல் வழக்கில் அரசு ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்க வாங்கும் அனுமதிக்கு நாம் கோர்ட்டில் சாங்ஷன் என்றுதானே சொல்கிறோம்? ஒரே சொல், ஒரு பக்கம் அனுமதி, இன்னொரு பக்கம் தண்டனை. இரண்டையும் காதில் கேட்டு வளர்ந்தவனுக்கு அரை நொடி. ஒன்றை மட்டும் கேட்டு வளர்ந்தவளுக்கு ஏழு நிமிஷம். இதில் முனைப்பு எங்கே குறைந்தது, சொல்லுங்கள்.

சரி, இதைப் படித்ததும் என்னென்ன வரும் என்று தெரியும்.

"எல்லாத் தேர்வையும் எதிர்ப்பதே உங்களுக்கு வேலை." இல்லை. அடுத்தது.

"கோச்சிங் சேர வேண்டியதுதானே." கேட்டேன். அவர்கள் சொன்ன தொகை அண்ணனின் ஐந்து மாதத் தவணை. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்சி எஸ்டி பிள்ளைகளுக்கு 3,500. மாதிரிப் பள்ளிகளிலும் நான் முதல்வன் திட்டத்திலும் அரசு சொல்லிக்கொடுக்கிறதே என்பீர்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை, கைகொடுக்கிற ஆசிரியர்களைக் கும்பிடலாம். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், மூன்று மாதம் போதுமா என்று.

"உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இங்கிலீஷில்தானே நடக்கிறது?" இது நியாயமான கேள்வி. நானே பல ராத்திரி இதை யோசித்திருக்கிறேன். அரசியல் சட்டம் 348-ஆம் பிரிவு இருக்கிறது, மதுரைக் கிளையில் போய் நின்றால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். ஆகவே இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தானே ஐந்து வருஷம்? நீச்சல் பழகிவிட்டு வா, அப்புறம் கிணற்றில் இறங்கலாம் என்றால் என்ன நியாயம்? நான் தினமும் நிற்கும் கோர்ட்டில் சாட்சி தமிழில் பேசுகிறார், குறுக்கு விசாரணை தமிழில் செய்கிறேன், தீர்ப்பும் தமிழில் வருகிறது. டாக்டர் ஆக நீட்டைத் தமிழில் எழுதலாம், 13 மொழியில் இருக்கிறது. அட, சட்டம் படித்து முடித்து வக்கீலாகத் தொழில் செய்ய எழுதும் அகில இந்திய பார் தேர்வையே தமிழில் எழுதலாம். வாசலைத் தாண்டும் கிளாட்டை மட்டும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். வெளியே வரும்போது தமிழ் போதும், உள்ளே போகப் போதாது. இது எனக்கு மட்டும்தான் விசித்திரமாகத் தெரிகிறதா?

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-லேயே இதற்காக ஐடியா என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார், எளிய வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இந்தத் தேர்வுக்குத் தயார் செய்ய. இந்தத் தேர்வைச் சீர்திருத்தச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். அவரும் முனைப்பு இல்லாதவர்களுக்கு வக்காலத்து வாங்கினார் போலிருக்கிறது.

அப்புறம் கேள்வித்தாளின் லட்சணம். 2024 டிசம்பரில் நடந்த தேர்வில் கேள்வியும் விடையும் தப்பு என்று டெல்லி உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் போய், 2025 மே வரை வழக்கு. கேள்விகளை இவ்வளவு அலட்சியமாகவா தயாரிப்பது என்று உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. கேள்வி தயாரித்தவர்களுக்கு முனைப்பு இல்லை என்று யாராவது பதிவு போட்டார்களா? எனக்கு ஃபார்வர்டு வரவில்லை.

கடைசியாக ஒன்று வரும். வந்தே விட்டது, நேற்று இன்பாக்ஸில். "உங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற பொறாமை."

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் 2007-ல் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் பிளஸ் டூ மார்க்கில் சேர்ந்தவள். முதல் கிளாட் நடந்தது 2008 மே மாதம். அப்படி ஒன்று நடந்ததே எனக்கு நாலாம் வருஷம்தான் தெரியும். தெரியாத ஒன்றின் மேல் எப்படிப் பொறாமைப்படுவது? என் கல்லூரி எனக்குச் சோறு போடுகிறது, அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

ஆனால் சார், ஒன்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த நாலாம் வருஷம், ஒரு முன்ஜாமீன் மனு. சிவில் தாவா நிலுவையில் இருப்பதைச் சொல்லும்போது 'சப் ஜுடைஸ்' என்றேன். படித்துத் தெரிந்த சொல், யார் வாயிலும் கேட்டதில்லை. வெளியே வராந்தாவில் எதிர்த்தரப்பு ஜூனியர் ஒருத்தர், என்னைவிட நாலு வயது சின்னவர், எல்லோர் காதிலும் விழும்படி, "மேடம், அது சப் ஜூடிசி" என்றார். சுற்றி நின்ற அஞ்சாறு பேர் சிரித்தார்கள். முன்ஜாமீன் எனக்குத்தான் கிடைத்தது. ஆனால் ஊருக்கு வரும் பஸ்ஸில் கோவில்பட்டி தாண்டும் வரைக்கும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜூடிசி, ஜூடிசி. பத்து வருஷம் ஆகிறது, இன்றைக்கும் அந்தச் சொல் வரும் இடத்தில் 'நிலுவையில் உள்ளது' என்று சுற்றிவளைத்துப் போய்விடுகிறேன். அந்த ஜூனியர் நல்ல வக்கீல்தான், இப்போது பார்த்தால் வணக்கம் வைப்பார். அவருக்கு அது ஞாபகமே இருக்காது.

பொறாமை என்றால் அதற்குத்தான். அந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் வளர்ந்ததற்கு.

அண்ணன் மகள் தேர்வு எழுதியது போன டிசம்பர் முதல் ஞாயிறு. ஊரில் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வாரம். சென்டராகத் திருச்சியைத்தான் கேட்டாள், அங்கேயுள்ள சட்டப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று. பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான். ராத்திரி பஸ்ஸில் போய்க் காலையில் திண்டுக்கல் ரோட்டில் நவலூர் குட்டப்பட்டில் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை, வெளியிலிருந்துதான் பார்த்தோம். பெயர்ப் பலகையை மேலிருந்து கீழே வரை படித்தாள். போட்டோ எடுக்கட்டுமா என்றேன். "வேண்டாம் அத்தை, சேர்ந்த பெறவு எடுப்போம்" என்றாள். மார்க் எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை, அது அவள் விஷயம். கணக்குப் பகுதியில் ஒரு கேள்வியும் தப்பில்லை என்பதை மட்டும் அத்தை என்ற உரிமையில் சொல்லிக்கொள்கிறேன். கணக்கு மொத்தத்தில் பத்து சதவீதம்தான்.

அரசுக் கல்லூரியில் சேர்த்துவிடுகிறேன் என்றேன், மார்க் இருக்கிறது, கிடைக்கும். ஒரு வருஷம் பார்க்கிறேன் என்கிறாள். அண்ணனுக்கு இஷ்டமில்லை. எனக்கும் பாதி இஷ்டமில்லை. யாரிடம் முனைப்பு இல்லை என்கிறீர்களோ, அந்தப் பிள்ளை இரண்டாம் முறையாகப் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறது சார். மணி பதினொன்றே கால்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டாள். "அத்தை, கிராவிட்டின்னா புவியீர்ப்பு விசைதானே? குற்றத்துக்கு முன்னாடி போட்டிருக்கான்?"

அங்கே அதற்கு அர்த்தம் குற்றத்தின் கடுமை. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். கமெண்ட்டுக்குப் பதில் நாளைக்கு, காலையில் இரண்டு வாய்தா இருக்கிறது.